சின்ன மார்பகம் உள்ள அம்மாக்கள் வசதியாகப் பாலூட்ட: முழுமையான வழிகாட்டி

என் முதல் பிரசவம் சிசேரியன். மறுநாள் வார்டில் பார்க்க வந்த சொந்தக்கார அம்மா ஒருவர், நான் குழந்தையை மாரோடு அணைத்ததைப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னார்: "இதுல எங்கக்கா பால் ஊறப்போவுது? எதுக்கும் பவுடர் டப்பா ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க." அவர் அக்கறையில்தான் சொன்னார், கையில் பூண்டுக் குழம்பும் கொண்டுவந்திருந்தார். ஆனால் அந்த வார்த்தை என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. குழந்தை அழுதால் பால் போதவில்லை என்று நினைத்தேன். தூங்கினால் பசியில் சோர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் டப்பா வந்தது, இரண்டாம் மாதம் தாய்ப்பால் நின்றுபோனது.

நான்கு வருடம் கழித்துப் பிறந்த இரண்டாவது குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. அதன் பிறகு சோற்றோடு சேர்த்து 2 வயது தாண்டியும் கொடுத்தேன். மார்பு அதே அளவுதான். நடுவில் நான் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். என் முதல் பிரசவத்தின்போது யாராவது இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் ஏங்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒருவருக்கு மார்பு பெரிதாகவும் இன்னொருவருக்குச் சிறிதாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் கொழுப்புதான் காரணம். கொழுப்பில் பால் சுரப்பதில்லை. பால் சுரப்பது அதனூடே கொத்துக் கொத்தாக இருக்கும் பால் சுரப்பிகளில். கர்ப்ப காலத்தில் அவைதான் வளர்கின்றன. அதனால்தான் மார்பு கனக்கிறது, கூடவே காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் கருத்து அகல்கிறது. இந்த மாற்றங்கள் உங்களுக்கு வந்திருந்தால் சுரப்பிகள் வேலைக்குத் தயாராகிவிட்டன என்று அர்த்தம்.

ஆனால் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நேரத்தில் மார்பு எவ்வளவு பாலைத் தேக்கி வைத்துக்கொள்ளும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வெளியளவை வைத்து அதைச் சரியாகக் கணிக்க முடியாது என்றாலும், சின்ன மார்பு உள்ள சிலருக்கு இந்தத் தேக்கும் கொள்ளளவு குறைவாக இருக்கும். வைகை மணலில் தோண்டும் ஊற்றைப் பார்த்திருப்பீர்கள். குழி சின்னதாக இருந்தாலும் இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருக்கும். இறைக்காமல் விட்டால் நிரம்பியதும் நின்றுவிடும். தாய்ப்பாலும் அப்படித்தான். மார்பு நிறைந்து நின்றால் சுரப்பு மெதுவாகும், காலியாகக் காலியாக வேகம் பிடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி அளவுக்குத் தாய்ப்பால் குடிக்கும். 8 தடவையாகக் குடித்தால் தடவைக்குச் சுமார் 94 மில்லி. 12 தடவையாகக் குடித்தால் 62 மில்லி சொச்சம். நாள் முடிவில் வயிற்றுக்குள் போனது ஒரே அளவுதான். என் முதல் குழந்தைக்கு நான் செய்த தவறு இங்கேதான். "3 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடு" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அழுத குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்த முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரில் போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சிசேரியன் என்றாலும், தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால் முடியும். துணியில்லாமல் தோலோடு தோல் படும்படி நெஞ்சில் போடச் சொல்லிப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடமும் நர்ஸ் அக்காவிடமும் பேசி வையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாளைக்கு வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக வரும். அந்தச் சொட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். முதல் நாள் குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் சொச்சமே போதும். குழந்தை சப்பாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் சுத்தமான ஸ்பூனில் கையால் பீய்ச்சிப் புகட்டலாம். சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் வேண்டாம். தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் நரம்புகளையே முடக்கும் விஷத்தை உண்டாக்கலாம்.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பால் பெருகும். சிசேரியன் ஆனவர்களுக்குச் சில சமயம் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகும்.

உயரம்: எல்லா வலியும் தொடங்கும் இடம்

சின்ன மார்பு உள்ளவர்களுக்குப் பாலூட்டுவதில் வரும் நிஜமான சிரமம் பால் அளவில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. பெரிய மார்பு மடி வரை தாழ்ந்து வரும். சின்ன மார்பு நெஞ்சோடு ஒட்டி மேலேயே நிற்கும். மடியில் கிடக்கும் குழந்தையின் வாய்க்கும் காம்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். அந்த ஒரு சாணை நாம் எப்படிச் சரிக்கட்டுகிறோம்? முதுகை வளைத்துக் குனிகிறோம். பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும், கை துவண்டு குழந்தை மெல்லக் கீழே சரியும். அது விழாமல் இருக்கக் காம்பின் நுனியைக் கவ்வி இழுக்கும். காம்பு புண்ணாகும். என் முதல் குழந்தையிடம் பட்ட வலி முழுக்க இப்படி வந்ததுதான். மார்பு சின்னதாக இருப்பதால்தான் வலிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பிரசவத்தில் வார்டில் இருந்த வயதான நர்ஸ் அக்கா ஒருவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. காலடியில் கிடந்த போர்வையை எடுத்து நான்காக மடித்துத் தலையணை மேல் வைத்தார், அதன் மேல் குழந்தையைக் கிடத்தினார், என் தோள்கள் இரண்டையும் பிடித்துப் பின்னால் சாய்த்தார். "நீ குனியாதம்மா, புள்ளைய ஒசத்து" என்றார். அவ்வளவுதான். நான்கு வருடத்துக்கு முன் எனக்குத் தேவைப்பட்டதும் அந்த மடித்த போர்வைதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியிலோ, சுவரை ஒட்டித் தரையிலோ உட்காருங்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை. நாற்காலி என்றால் பாதம் தொங்கக் கூடாது, மணைப்பலகை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தோளைத் தளர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்து, உங்கள் காம்பு இயல்பாக எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். குழந்தையின் மூக்கு அந்த உயரத்துக்கு வரும்வரை மடியில் தலையணை, மடித்த போர்வை என்று அடுக்குங்கள். இரண்டு தலையணை தேவைப்பட்டாலும் வையுங்கள். கை வெறுமனே அணைக்கத்தான், எடையைத் தலையணை தாங்கட்டும்.

பிள்ளையைப் பிடிக்கும் விதங்கள்

முதல் சில வாரங்களுக்கு எனக்கு மிக எளிதாக இருந்தது எதிர்க்கைப் பிடி. இடது மார்பில் கொடுப்பதானால் வலது கையால் குழந்தையைப் பிடிப்பது. உள்ளங்கை குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் விரல்கள் காதுக்குக் கீழே கழுத்தடியிலும் இருக்கும். பின்னந்தலையைப் பிடித்து அமுக்காதீர்கள். அமுக்கினால் குழந்தை தலையைப் பின்னால் தள்ளி முரண்டு பிடிக்கும். வயிறோடு வயிறு ஒட்டி, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தலையை மட்டும் திருப்பிக் குடிப்பது எப்படி இருக்கும் என்று தெரிய, உங்கள் முகத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள்.

சிசேரியன் தையல் வலித்தால் குழந்தையைக் கக்கத்துக்கு அடியில், கால்கள் முதுகுப் பக்கம் போகும்படி வைத்துக்கொள்ளலாம். இதற்கும் பக்கவாட்டில் தலையணை உயரமாக வேண்டும்.

பாதி சாய்ந்த நிலையில் குழந்தையை மேலே கவிழ்த்துப் போட்டுக் கொடுப்பதும் சின்ன மார்புக்கு நன்றாகப் பொருந்தும். குழந்தையின் எடையே அதை மார்போடு ஒட்ட வைக்கும். ஆனால் முழுக்க மல்லாந்து படுத்தால் மார்பு தட்டையாகப் பரவிக் கவ்வுவதற்குப் பிடி கிடைக்காது. ஈஸிசேரில் சாய்வது போல இருந்தால் போதும்.

இரவில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கும்போது பெரிய மார்பு படுக்கையில் தங்கும், சின்ன மார்பு தங்காது. அதற்காக முழங்கையை ஊன்றி எழும்பத் தேவையில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, உடம்பை முன்பக்கம் கொஞ்சம் உருட்டினால் காம்பு குழந்தையின் வாய்க்கு இறங்கும். மெத்தை அழுத்தமாக இருக்கட்டும். குழந்தையின் முகத்தருகே தளர்ந்த போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது. கொடுத்து முடித்ததும் குழந்தையை அதன் இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள். சோபாவில் படுத்துக் கொடுத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடாதீர்கள், அது ஆபத்து.

வாயில் பிடிக்க வைப்பது

காம்பை மட்டும் சப்பினால் பால் வராது, வலி மட்டும் வரும். அல்ட்ராசவுண்டில் பார்த்த ஆய்வாளர்கள், பால் சுரக்கும் திசுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காம்பின் அடியிலிருந்து 3 சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பதைக் கண்டார்கள். ஒரு வாய்க்குத் தேவையான மார்பு எந்த அளவு உள்ளவருக்கும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்?

குழந்தையின் மூக்குக்கு நேரே காம்பை வைத்து மேலுதட்டில் மெல்ல உரசுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறக்கும். அதுவரை காத்திருங்கள், பாதி திறந்ததும் அவசரப்பட வேண்டாம். திறந்த அந்த நொடியில் குழந்தையை உங்கள் பக்கம் அணையுங்கள். முதலில் தாடை மார்பில் பதிய வேண்டும், அப்புறம் மேலுதடு. மார்பைத் தூக்கிக் குழந்தையின் வாய்க்குள் திணிக்க வேண்டாம். குனிந்த முதுகும் புண்ணான காம்பும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

மார்பைக் கையால் பிடிக்க வேண்டுமா என்றால், சின்ன மார்புக்குப் பல நேரம் தேவையே இல்லை. குழந்தையின் மூக்கை அடைக்கும் அளவுக்குச் சதை இருக்காது, தாங்கிப் பிடிக்க எடையும் இருக்காது. மாறாக, நம் கை மார்பை முழுக்க மூடி, விரல் கருவளையத்தின் மேல் ஏறி, குழந்தையின் தாடைக்கு இடைஞ்சலாகிவிடும். பிடித்தே ஆக வேண்டும் என்றால், உள்ளங்கையை விலா எலும்பின் மேல் மார்புக்கு அடியில் வைத்து, கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமும் வரும்படி, கருவளையத்தை விட்டுத் தள்ளி லேசாக அமுக்குங்கள். பன்னைக் கடிக்கும்போது உதட்டின் வாட்டத்துக்கு ஏற்றபடிதானே அமுக்கிக் கடிப்போம், அதே கணக்குதான். குழந்தை குறுக்கே படுத்திருந்தால் மார்பைப் பக்கவாட்டிலிருந்து அமுக்க வேண்டும்.

சரியாகப் பிடித்திருக்கிறதா? கன்னம் உப்பியிருக்கும், குழி விழாது. கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். கருவளையம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழே அவ்வளவாகத் தெரியாது. முதலில் வேக வேகமாகச் சப்பும், பால் இறங்கியதும் நிதானமாகி, ஒவ்வொரு சப்பலுக்கும் ஒரு 'க்' சத்தம் கேட்கும். இரவின் அமைதியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள், பாதி பயம் போய்விடும். ஆரம்ப நாட்களில் முதல் அரை நிமிடம் சுருக்கென்று இருக்கலாம். அதற்கு மேலும் வலித்தால் பிடி சரியில்லை. சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துக் காற்றுப் பிடிப்பை விடுவித்து, எடுத்து மறுபடி போடுங்கள். பத்து தடவை எடுத்துப் போட்டாலும் தப்பில்லை. குடித்து முடித்த காம்பு உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து, புது லிப்ஸ்டிக் நுனி போல நசுங்கியிருந்தால் அடுத்த தடவை இன்னும் ஆழமாகப் பிடிக்க வையுங்கள்.

எத்தனை தடவை?

24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. உங்களுக்குத் தேக்கும் கொள்ளளவு குறைவு என்றால் 12 பக்கம்தான் வரும், அதற்கு மேலும் போகலாம். கையை வாயில் வைப்பது, தலையை அங்குமிங்கும் திருப்புவது, நாக்கைச் சுழற்றுவது இவையெல்லாம் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசியில்தான் வரும். ஒரு பக்கம் குடித்து, விழுங்கும் சத்தம் குறைந்ததும், மார்பை மெல்ல அமுக்கிக் கொடுங்கள், மறுபடி விழுங்கும். பிறகு ஏப்பம் விட வைத்து அடுத்த பக்கம். இரண்டு பக்கமும் கொடுப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பாலை விடாதீர்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். பிறந்து சில வாரத்திலேயே இரவு முழுக்கத் தூங்க வைக்கப் பழக்குங்கள் என்று யாராவது சொன்னால், அது உங்களுக்கான அறிவுரை இல்லை.

மாலையில் குழந்தை அரை மணிக்கு ஒரு தடவை கேட்டுக் குடைந்தெடுக்கும். 2, 3 வாரத்திலும், 6 வாரத்திலும், 3 மாதத்திலும் திடீரென்று ஓயாமல் குடிக்கும். வீட்டில் உள்ளவர்கள் "பால் பத்தலை" என்று சொல்வது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். உண்மையில் குழந்தை அடுத்த வாரத்துக்கான பாலுக்கு இப்போதே சொல்லி வைக்கிறது. கேட்கக் கேட்கக் கொடுங்கள், இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

போதுகிறதா என்று எப்படித் தெரியும்?

மார்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், குழந்தையைப் பாருங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று சிறுநீர் ஏறி, 5, 6 நாளுக்குப் பிறகு தினமும் 6 தடவையாவது நன்றாக நனைக்க வேண்டும். கருப்பாகத் தார் போலப் போகும் மலம் பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாற வேண்டும். முதல் சில நாளில் எடை 7 சதவீதம் வரை குறைவது சகஜம். 10 சதவீதத்தை எட்டினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன் பிறகு முதல் மூன்று மாதம் தினமும் 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ எடை பார்க்கலாம், முடிந்தவரை ஒரே தராசில் பாருங்கள்.

மார்பு தொளதொளவென்று இருப்பது, ஜாக்கெட் நனையாமல் இருப்பது, பால் எடுக்கும் பம்ப்பில் 20 மில்லிதான் வந்தது, இவை எதுவும் பால் குறைவுக்கு அடையாளம் இல்லை. ஆறு வாரம் ஆனதும் எல்லோருக்கும் மார்பு இளகிவிடும்.

பால் கட்டிக்கொண்டால்

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை, சின்ன மார்பு கல் போல இறுகி, தோல் மினுமினுத்து, காம்பு உள்ளே அமுங்கிவிடலாம். குழந்தைக்குக் கவ்வப் பிடியே கிடைக்காது. விரல் நுனிகளைக் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். கருவளையம் இளகி, காம்பு வெளியே வரும். கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் குழந்தையைப் போடுங்கள். கொடுத்த பிறகு ஈரத் துணியால் குளிர்ச்சியாக ஒத்தடம் கொடுக்கலாம். ஒரு விஷயம்: மல்லிகைப் பூவை வைத்துக் கட்டாதீர்கள். அது பாலை வற்ற வைக்க நம் பாட்டிமார் செய்த வைத்தியம், பாலூட்ட வேண்டியவர்களுக்கு ஆகாது.

காய்ச்சல், நடுக்கம், மார்பில் ஓரிடம் சிவந்து வலிப்பது என்று வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

உடை, சாப்பாடு

சின்ன மார்பு உள்ளவர்களுக்குள்ள வசதி, வீட்டில் பிரா இல்லாமலே இருக்கலாம். போட்டால் கம்பி வைக்காத, இறுக்காத பருத்தி பிரா. முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இரவுக்கு நல்லது.

பால் சுறா புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் நன்றாகச் சாப்பிடுங்கள், உடம்பு தேற உதவும். ஆனால் பாலைப் பெருக்குவது குழந்தை குடிப்பதுதான். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் சோற்றையும் குறைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட 500 முதல் 600 கலோரி கூடுதலாக வேண்டும், தாகத்துக்குத் தண்ணீரும் வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போது

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, 2017 சட்டத் திருத்தத்தில் வந்த உரிமை இது. அதன் பிறகு பம்ப் வாங்குவதானால், மார்பில் வைக்கும் அதன் புனலின் அளவைக் காம்பின் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள், மார்பின் அளவைப் பார்த்து அல்ல. கூடவே வரும் 24 மில்லிமீட்டர் புனல் பலருக்குப் பெரிதாக இருந்து கருவளையத்தையும் உள்ளே இழுத்து வலிக்க வைக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறைய எடுக்க முயல்வதைவிட, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் நமக்குக் கட்டுபடியாகும். எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், நம் ஊர் வெயிலில் அவ்வளவு நேரம் விடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே 4 நாள் இருக்கும். வெளியூர்ப் பயணத்தில், தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் 2015 முதல் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகளைக் கூசாமல் பயன்படுத்துங்கள்.

நிஜமாகவே பால் குறைவாக இருப்பவர்கள்

குறைவான பேருக்குச் சுரப்பித் திசுவே போதிய அளவு வளர்ந்திருக்காது. அதன் அடையாளம் சின்ன அளவு அல்ல. இரண்டு மார்புக்கும் நடுவே அகன்ற இடைவெளி, குழாய் போன்ற வடிவம், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லாமல் இருப்பது ஆகியவைதான். தைராய்டு, பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடித் துணுக்கு தங்குவது, முன்பு மார்பில் செய்த அறுவை சிகிச்சை ஆகியவையும் பாலைக் குறைக்கலாம். இவற்றில் ஏதாவது இருந்தாலோ, மேலே சொன்ன சிறுநீர், எடைக் கணக்கு தப்பினாலோ, குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

டாக்டர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் மனம் நொந்துபோகாதீர்கள். முதலில் மாரில் போடுங்கள், பிறகு கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த பாலாடைக் கிண்ணத்திலோ சங்கிலோ மீதியைப் புகட்டுங்கள். பாட்டிலின் ரப்பருக்குப் பழகாத வாய் மறுபடி மார்புக்கு வருவது எளிது. ஒரு நாளைக்கு 100 மில்லிதான் உங்களிடம் சுரக்கிறது என்றாலும், அந்த 100 மில்லியும் உங்கள் குழந்தைக்கு வேண்டும், கொடுங்கள்.